கடைவாய்ப் பல்

பல் மருத்துவர் ஸ்தெஃபான்ஸ்கா
சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டு
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கேட்டார்:
"ராத்திரியில் எதை மெல்கிறீர்கள், தேக்லா?"

எதையும் இல்லை.
எட்டு மணிக்கு பார்லி சூப், அதோடு சரி.
"மேடெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது.
அறுபது வயதுக்காரியின் கடைவாய் இது."
எனக்கு நாற்பத்தொன்று.

வெளியே நவம்பர்.
போஸ்னானில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு.
நாலரைக்கு ஷிப்ட்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்,
மார்ச்சில் ஆளைக் குறைத்த நாள் முதலாய்.
ஒரு பேச்சுக்குச் சொல்வது அது என்று நினைத்திருந்தேன்.
வாய் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்று டிராமைக் கிளப்பியதும்
முதன்முதலாக என்னைக் கவனித்தேன்,
பின் இருக்கையில் ஒருவன்மேல்
சந்தேகம் வந்தால் கவனிப்பது போல.

ஒரு நிறுத்தத்துக்கும் மறு நிறுத்தத்துக்கும் நடுவே
நான் மூச்சு விடுவதில்லை.
கதவு திறக்கும்போது விடுகிறேன்.
கதவுக்கும் எனக்கும்
ஒரே சத்தம்.

பாலத்தின் மேல் ஏறுகையில்
கீழே வார்த்தா நதி கறுப்பாகப் போனது.
பக்கக் கண்ணாடியில் ஒருத்தி:
தோள் இரண்டும் காது வரை ஏறி.
பாவம், யாரிவள் என்று
அரை நொடி நினைத்தேன்.
இறங்கு என்றேன் தோள்களிடம்.
இறங்கின.
அடுத்த சிக்னலில் பார்த்தால்
மறுபடி மேலே,
டிக்கெட் இல்லாமல் ஏறும் பையன்களைப் போல.

வலது கட்டைவிரலில் நகத்தோரம் தோல் இல்லை.
எப்போது உரித்தேன்?

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு விழிப்பு வருகிறது,
தினமும், அலாரம் வைத்ததைப் போல.
அப்போது வயிற்றுக்குள் ஒரு கை நுழைந்து
மாவு பிசைகிறது.
அது இராத சாப்பாட்டுக் கோளாறு என்று
புதினாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்,
பெட்டி பெட்டியாய்.

சிரிப்பும் தாமதமாகிவிட்டது.
டிப்போவில் ரடோஸ்வாவ் ஒரு ஜோக் சொன்னான்.
எல்லாரும் சிரிக்க, நானும் சிரித்தேன்,
எப்போது நிறுத்தலாம் என்று
பக்கத்து முகங்களைப் பார்த்துக்கொண்டே.

போன வாரம் கதவருகில்
நனைந்த குடையை உதறிய ஒருவரிடம் கத்திவிட்டேன்.
அவர் மன்னிப்புக் கேட்டார்.
அந்த மன்னிப்பு இன்னும்
என் காலடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை
வெள்ளரி ஊறுகாய் ஜாடி திறக்க வரவில்லை.
அழுதேன்.
லுத்விகா வாங்கி, மூடியை வெந்நீரில் காட்டித்
திறந்தும் கொடுத்தாள்.
திறந்த பிறகும் அழுதேன்.
"அம்மா, வெள்ளரிக்காய்தானே."
ஆமாம் கண்ணு,
வெள்ளரிக்காய்தான்.

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் நிற்க வேண்டும்.
வண்டியில் ஒரு குறிப்பேடு உண்டு.
மஞ்சள் விளக்கு எரிந்தால் எழுதியே ஆக வேண்டும்,
சின்னப் பழுது என்றாலும்,
வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும்.
பதினெட்டு வருடத்தில் ஒரு விளக்கையும்
நான் எழுதாமல் விட்டதில்லை.

வண்டியில் அன்று எந்த விளக்கும் எரியவில்லை.
பழுது என்ற கட்டத்தில்
எழுதினேன்:
பல். தோள். மூச்சு. வயிறு.
பிறகு கொஞ்சம் யோசித்து:
குடை.

கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
அதற்குள் ஏழு நிமிடம் முடிந்து
மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலை ஏட்டைத் திறந்தால்
கிரீஸ் ரேகை படிந்த பக்கம்.
ராத்திரி மெக்கானிக் யாரென்று எனக்குத் தெரியாது,
கையெழுத்து மட்டும்தான் தெரியும்,
எப்போதும் சரிபார்த்தேன் என்று எழுதுகிறவர்.
இந்த முறை அதை எழுதவில்லை.
என் வரிக்குக் கீழே, சின்னதாக:
எப்போதிருந்து?

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.
தேதிக் கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
மார்ச் என்று எழுதினேன்.
அடித்தேன்.
அதற்கு முந்தின வருடத்தை எழுதினேன்.